வீரத்துக்கு ஜாதி உண்டா?

நம் பக்கத்து ஊர்களில் இப்போது காதுகுத்து என்றாலும், கல்யாணம் என்றாலும், கோயில் திருவிழா என்றாலும், செத்தவருக்குப் படத்திறப்பு என்றாலுங்கூட முச்சந்தியில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டாமல் காரியம் நடப்பதில்லை. அதில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்து கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு வாள் இருக்கும். மேலே "ஆண்ட பரம்பரை" என்றோ "போர்க்குடி" என்றோ கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அடுத்த தெருவுக்குப் போனால் அதே சிங்கம், அதே வாள். ஜாதிப் பெயர் மாத்திரம் வேறு. அச்சடிக்கிறவர் ஒரே சிங்கத்தைக் கொண்டு பத்து ஜாதிகளை ஆள வைத்து விடுகிறார். இத்தனை பேரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டவர்கள் யார் என்று கேட்பாரைத்தான் காணோம்.

இது வேடிக்கையோடு போவதானால் நாம் இதற்காகத் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியற்காலையில் ஏரிக்கரைமீதும் தார் ரோட்டிலும் பட்டாளத்தில் சேருவதற்காக ஓடிப் பழகும் பிள்ளைகளை யாரும் பார்க்கலாம். ஊர்ப்பையனும் ஓடுகிறான், சேரிப்பையனும் ஓடுகிறான். இருவருக்கும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்குகிறது. ஓட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும் ஒருவன், "எங்களுக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கிறது" என்கிறான். மற்றவன் பதில் சொல்லத் தெரியாமல் டம்ளரைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். அவன் சொல்ல வேண்டிய பதில் அவன் பாட்டன் காலத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் புஸ்தகம் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. ஆதலால் நாம் சொல்லுகிறோம்.

வீரம் பிறவியில் வருகிறது என்பதற்கு இந்த நாட்டில் இரண்டு சாஸ்திரங்கள் உண்டு. ஒன்று மனுவினுடையது. சண்டை சத்திரியன் தொழில், மற்றவன் ஆயுதம் எடுப்பது அதர்மம் என்பது அது. இதைச் சொன்ன அதே கூட்டத்தார், கலியுகத்தில் தென்னாட்டில் சத்திரியனே கிடையாது, பார்ப்பனரும் சூத்திரரும் மாத்திரமே உண்டு என்றும் சொன்னார்கள். அப்படியானால் சோழனுக்கும் பாண்டியனுக்கும் சண்டை போட்டுச் செத்தவர்கள் எந்த வருணம் என்று கேட்டால் பதில் கிடையாது.

இரண்டாவது சாஸ்திரம் வெள்ளைக்காரன் எழுதியது. லார்டு ராபர்ட்ஸ் என்கிற தளபதி 1881 முதல் 1885 வரையில் சென்னை ராணுவத்துக்கும், பின்னர் 1893 வரையில் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். வடக்கே குளிர் தேசத்தில் பிறந்தவன் போர் ஜாதி, தெற்கே வெயிலில் பிறந்தவன் பட்டாளத்துக்கு லாயக்கில்லாதவன் என்பது அவருடைய தத்துவம். இந்தத் தத்துவத்தைக் கொண்டு சென்னைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, அந்த இடங்களில் பஞ்சாபிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். முதல் உலக யுத்தம் முடிந்த பின் மிச்சமிருந்த சென்னைக் காலாட்படைகளையும் கலைத்தார்கள். பாலம் கட்டவும் பாதை போடவும் கண்ணிவெடி எடுக்கவும் வேண்டியிருந்த சாப்பர்ஸ் படை மாத்திரம் நின்றது.

இவர்கள் லாயக்கில்லை என்று தள்ளிய ஆட்கள் யார்? 1751-ல் நம் பக்கத்து ஆற்காட்டில் கிளைவ் கோட்டைக்குள் அடைபட்டுச் சுமார் ஐம்பது நாள் தாங்கினாரே, அப்போது அவரோடு இருந்தவர்களில் வெள்ளைக்காரரைவிடச் சிப்பாய்களே அதிகம். கம்பெனியின் சென்னை ராணுவத்தில் பறையர் என்று ஊரார் ஒதுக்கிய மக்கள் ஏராளமாக இருந்தார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் மொள்ளக் கூடாதவன் கம்பெனிக்கு ராஜ்யம் பிடித்துக் கொடுத்தான். பம்பாய்ப் பக்கம் மகார்களின் கதையும் இதுவே. டாக்டர் அம்பேத்கருடைய தகப்பனார் ராம்ஜி பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். 1890-களின் துவக்கத்தில் மகார்களுக்கும் கதவைச் சாத்தினார்கள். ராஜ்யம் பிடிக்கிற வரையில் வீரன். பிடித்து முடிந்த பின் தீண்டாதவன்! வெள்ளைக்காரன் மனுவைப் படிக்காமலே மனுவாகிவிட்டான் என்று நாம் சொல்லுவதில் என்ன தப்பு?

வேலூர்க் கோட்டையையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1806 ஜூலை 10-ந் தேதி விடியுமுன் அங்கே சிப்பாய்கள் எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நெற்றிக்குறி கூடாது என்பதோடு தோல் வைத்த புதுத் தலைப்பாகையையும் கட்ட வேண்டும் என்று வந்த உத்தரவு. தங்களை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். அன்னிய அதிகாரத்தை எதிர்த்து உயிரைக் கொடுத்த அவர்கள் துணிச்சலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் இடுப்பு வாரில் சுமந்த தோல், தலைக்கு ஏறியவுடன் தீட்டாகிப் போன விசித்திரத்தை, தோலிலேயே பிழைக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களான நாம் கவனிக்காமல் இருக்க முடியுமா? சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி முடி நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் போட்டு அந்தத் தோலைத் தோலாக்கினவனை அன்று இரு தரப்பாரும் நினைக்கவில்லை. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல்தான் முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தின் பூட்சுக்கு மேல்தோலாகக் கப்பல் கப்பலாகப் போயிற்று. பூட்ஸ் போர்முனைக்குப் போகலாம். அதற்குத் தோல் கொடுத்தவன் போகக் கூடாது என்பது ராபர்ட்ஸ் சாஸ்திரம்.

நிற்க. இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் சுமார் 900 மைல் பின்வாங்கி அஸ்ஸாம் மலைகளில் வந்து விழுந்தது. பர்மாவில் மூட்டை தூக்கியும் வயலில் உழைத்தும் கடை வைத்தும் வாழ்ந்த நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் அதே மலைவழியில் கால்நடையாக ஓடிவந்து, வழியில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அந்த யுத்தத்தில்தான் சர்க்காருக்கு ஒரு விஷயம் புரிந்தது. போர் ஜாதி என்று முத்திரை குத்தி வைத்திருந்த ஜாதிகளில் மாத்திரம் ஆள் எடுத்தால் எண்ணிக்கை போதவில்லை! உடனே சாஸ்திரம் காற்றில் பறந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டு திரும்பவும் உயிர் பெற்றது. 1941-ல் மகார் ரெஜிமெண்டு வந்தது. அதற்காக அம்பேத்கர் விடாமல் வாதாடியிருந்தார். 1943-ல் வடநாட்டில் தோல் தொழில் செய்யும் சமார் மக்களைக் கொண்டு சமார் ரெஜிமெண்டு அமைந்தது.

1943-ன் கடைசியில் பதினாலாவது ராணுவம் என்பது உண்டாயிற்று. அதன் தளபதி வில்லியம் ஸ்லிம். அவர் பிரபு வம்சத்தில் பிறந்தவர் அல்ல. பிரிஸ்டல் நகரத்து இரும்புச் சாமான் வியாபாரியின் மகன். சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இரும்புக் கம்பெனியில் குமாஸ்தாவாகவும் இருந்து பட்டாளத்துக்கு வந்தவர். அவருடைய ராணுவத்தில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களோடு கூர்க்காக்களும், பிரிட்டிஷாரும், மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா தேசங்களிலிருந்து வந்த கறுப்பு மக்களும் இருந்தார்கள். எத்தனை பாஷை, எத்தனை மதம்! ஆட்டுக்கறியிலேயே ஹலால் வேறு, ஜட்கா வேறு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. சாஸ்திரப்படி பார்த்தால் இந்தக் கதம்பம் ஒரு நாள்கூட நின்றிருக்கக் கூடாது.

இந்த ராணுவத்தின் முதல் சத்துரு ஜப்பானியர் அல்ல, கொசு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம். ஏனெனில் நம் இயக்கத்தாருக்கு இதுவே முக்கியம். 1943-ல் காயம்பட்டு முன்னணியிலிருந்து கொண்டு போகப்பட்ட ஒவ்வொருவனுக்கும், நோய்ப்பட்டுக் கொண்டு போகப்பட்டவர்கள் 120 பேர் என்று ஸ்லிம் பின்னால் கணக்குச் சொல்லியிருக்கிறார். மலேரியா மாத்திரம் வருஷத்துக்கு நூற்றுக்கு 84 விகிதம். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் சாமியார்களுக்கும் தாயத்துகளுக்கும் குறைவா? ஜுரத்தைத் தெய்வக் குற்றம் என்று விட்டிருந்தால் ஜப்பானியர் ஒரு குண்டும் செலவில்லாமல் கல்கத்தா வந்து சேர்ந்திருப்பார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? மெபாக்ரின் என்கிற மஞ்சள் மாத்திரையைத் தினந்தோறும் விழுங்கியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மாத்திரையைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு புரளி கிளம்பிற்று. (இந்தப் புரளிக்கு மாத்திரம் ஜாதி, மதம், நிற பேதம் இருக்கவில்லை, வெள்ளைக்காரச் சிப்பாயும் நம்பினான், நம்மவனும் நம்பினான்.) ஸ்லிம் புரளியோடு தர்க்கம் செய்து கொண்டிருக்கவில்லை. திடீரென்று ஒரு பட்டாளத்துக்குள் நுழைந்து எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுவார். மாத்திரை சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு 95 பேருக்குக் குறைந்தால் அந்தப் பட்டாளத்தின் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கிவிடுவார். மூன்று அதிகாரிகளை நீக்கினதோடு காரியம் முடிந்து விட்டது; மற்றவர்களுக்கு அறிவு வந்துவிட்டது. 1945-க்குள் நோய்ப்படுகிறவர்கள் நாள் ஒன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்று இறங்கிற்று. சிப்பாயைத் தண்டிக்காமல் மேலதிகாரியைத் தண்டித்தார் என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் முனிசிபாலிட்டிகளிலும் இந்த முறை வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலையும் கொஹிமாவையும் பிடிக்கப் புறப்பட்டார்கள். ஏப்ரல் 4-ல் கொஹிமாவில் சண்டை துவங்கிற்று. ஜில்லா அதிகாரியின் பங்களாவைச் சேர்ந்த டென்னிஸ் மைதானத்தின் இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று நின்று, கையெறி குண்டு வீசும் தூரத்தில் போரிட்டார்கள். ஜூன் 22-ல் கொஹிமாவுக்கும் இம்பாலுக்கும் நடுவே வழி திறந்தது. ஜப்பானியர் எதிரியின் அரிசிக் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக் கொள்ளலாம் என்று சில வாரத்துக்குரிய உணவோடு வந்திருந்தார்கள். சூரிய தேவியின் வம்சத்துச் சக்கரவர்த்தி இருக்க, அரிசிக் கணக்கு எதற்கு என்று அவர்கள் தளபதிகள் எண்ணினார்கள் போலும். பல்லாயிரம் பேர் பட்டினியிலும் பேதியிலும் வழியிலேயே செத்தார்கள். கடைசியில் 1946 ஜனவரி 1-ந் தேதி அந்தச் சக்கரவர்த்தியே தாம் தெய்வ அவதாரம் அல்ல என்று அறிக்கை வெளியிட்டார். நம் நாட்டு அவதாரங்களில் ஒருவராவது இவ்வளவு யோக்கியமாக நடந்து கொண்டதாக நமக்கு நினைவில்லை.

அப்புறம் பதினாலாவது ராணுவம் நிற்கவில்லை. பட்டுப் பாராசூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கல்கத்தாச் சணலில் பாராசூட் தைத்துச் சாமான் இறக்கினார்கள். சிந்துவின் நதிக்குக் கலேவாவில் ஆயிரம் அடிக்கு மேற்பட்ட நீளத்தில் பாலம் போட்டார்கள். ஐராவதியைத் தாண்டி 1945 மார்ச்சில் மெய்க்டிலாவும் மாண்டலேயும், மே மாதத் துவக்கத்தில் ரங்கூனும் கைக்கு வந்தன.

இந்த யுத்தத்தில் லாயக்கில்லாத சென்னைக்காரன் என்ன செய்து கொண்டிருந்தான்? மெட்ராஸ் ரெஜிமெண்டு பர்மாவில் போரிட்டது. ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பாதை போட்டும் பாலம் கட்டியும் படையை முன்னால் நடத்தியவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸ் உண்டு. 1780-ல் உண்டான படை அது, தலைமையிடம் பெங்களூர். சென்னைப் பக்கத்திலிருந்து அங்கே போன பையன்களெல்லாம் நம் ஜோலார்பேட்டையில்தான் ரயில் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாக்காரரான சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் கண்ணிவெடி எடுக்கும்போது ஒரு வெடி கிளம்பிற்று. வெடிக்க ஒரு சில விநாடியே இருந்தது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அவர் அதன்மேல் விழுந்து தம் உடம்பால் அதை மூடினார். அந்த யுத்தத்தில் ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவரே. அந்தச் சில விநாடியில் அவர் தம் பக்கத்தில் நின்றவன் என்ன ஜாதி என்று விசாரித்திருப்பாரா?

எதிர்ப்பக்கத்திலும் பாருங்கள். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக் கொண்டிருந்த தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் சுபாஷ் போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் கேப்டன் லட்சுமியின்கீழ் ஜான்சிராணி ரெஜிமெண்டில் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்கள் எடுத்த பக்கத்தைப் பற்றி அபிப்பிராயம் எப்படியிருந்தாலும், கங்காணியின் பிரம்புக்குப் பயந்து கிடப்பவர்கள் என்று உலகம் எண்ணியிருந்தவர்கள் ஒரே வருஷத்தில் சிப்பாய்களானார்கள் என்பது உண்மை. ரத்தம் மாறவில்லை, மரியாதைதான் மாறிற்று.

இனி ரஷ்யாவைப் பார்ப்போம். 1932-ல் பெரியார் அவர்கள் அங்கே போய் வந்தது முதல் அந்நாட்டு விஷயங்களில் நம்மவர்களுக்கு ஒரு பற்று உண்டு. ஸ்டாலின்கிராட் நகரத்தை வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி நின்று காத்தது 62-வது ராணுவம். அதன் தளபதி வாசிலி சூய்க்கோவ் ஒரு குடியானவன் மகன். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போய், குதிரை ஏறுகிறவர்களின் பூட்சில் மாட்டும் குதிமுள் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். 1942 செப்டம்பர் 12-ல் பொறுப்பேற்றார். அப்போது முதுகுக்குப் பின்னால் வோல்கா நதி, முன்னால் ஜெர்மானியர். எதிரியின் விமானம் குண்டு போடத் தயங்கும்படி, எதிரியை ஒட்டியே நின்று போரிடுங்கள் என்பது அவர் யுக்தி. ரஷ்யன், உக்ரேனியன், தார்த்தாரியன், கஸாக்கியன் எல்லோரும் அந்த இடிபாட்டில் கலந்து நின்றார்கள். 1943 பிப்ரவரி 2-ல் ஜெர்மானியரின் கடைசிப் பகுதியும் சரணடைந்தது. அந்த ராணுவம் 8-வது கார்ட்ஸ் ராணுவம் என்று பெயர் பெற்று, மேற்கே நடந்து நடந்து 1945 மே 2-ல் பெர்லினில் இருந்தது. அந்நகரத்து ஜெர்மன் தளபதி வந்து சரணடைந்தது குடியானவன் மகனான சூய்க்கோவிடத்தில்! அவருக்கும் மேலே நின்று பெர்லின் யுத்தத்தை நடத்திய மார்ஷல் ஜூக்கோவ் யார் தெரியுமா? தகப்பனார் செருப்புத் தைக்கிறவர். ஜூக்கோவும் பையனாக மாஸ்கோவில் மிருகத்தோல் தைக்கும் கடையில் வேலை பழகியவர். ஆம்பூர்த் தோழர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

ரஷ்யா என்றவுடன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது பகுத்தறிவாகாது. 1944-ல் ஸ்டாலின் சர்க்கார் செச்சென் மக்களையும் கிரிமியத் தார்த்தாரியரையும் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்குக் கடத்திற்று. சிலர் எதிரியோடு சேர்ந்தார்கள் என்ற குற்றத்துக்கு ஒரு ஜனம் முழுவதுக்கும் தண்டனை. அந்த ஜனங்களில் பிறந்து செஞ்சேனையில் போரிட்டு விருது பெற்றவர்களையும் விடவில்லை. பிறவியைப் பார்த்துத் தள்ளுவதும் பிறவியைப் பார்த்துத் தண்டிப்பதும் ஒரே புத்திதான். செங்கொடியின் கீழ் நடந்ததால் அது நியாயமாகி விடாது.

ஆனால் செருப்புத் தைக்கிறவர் மகன் மார்ஷலான அதே யுத்தத்தில், இங்கே தோல் தொழில் செய்கிறவர் மகனுக்கு நடந்தது என்ன? கொஹிமாவில் போரிட்டு அந்த யுத்தத்தின் பெயரையே விருதாகப் பெற்ற சமார் ரெஜிமெண்டு, 1946-ல் கலைக்கப்பட்டது. நெருப்பு அணைந்தது, தண்ணீர் சுமந்தவன் வீட்டுக்குப் போகலாம் என்பது போல. ஜாட், ராஜபுத்திரர், டோக்ரா என்று மற்றவர்கள் பெயரால் இருந்தவை அப்படியே நின்றன, இன்றும் நிற்கின்றன. சுதந்திரம் வந்த பின் 1949-ல் எல்லா வகுப்பாரையும் கலந்து கார்ட்ஸ் படையை உண்டாக்கினார்கள். அது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தை ஏன் பழைய ரெஜிமெண்டுகளுக்கும் முழுவதும் கொண்டு போகவில்லை என்பதே நம் கேள்வி.

ஜாதி ஒழிய வேண்டும் என்கிற நீங்கள், ஜாதிப் பெயரால் மகார் ரெஜிமெண்டு கேட்ட அம்பேத்கரை எப்படி ஆதரிக்கிறீர்கள் என்று சிலர் நம்மை மடக்கப் பார்ப்பார்கள். ஒருவனை இன்ன ஜாதி என்று பெயர் சொல்லிக் கதவைச் சாத்தினால், அதே பெயரைச் சொல்லித்தான் அவன் தட்ட வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்தினவன் பெயரைக் கேட்டது குற்றமில்லையாம். தட்டினவன் பெயரைச் சொன்னது குற்றமாம்! ஜாட் பெயரும் ராஜபுத்திரர் பெயரும் எந்த நாளில் பலகையிலிருந்து இறங்குகிறதோ, அந்த நாளில் சமார் ரெஜிமெண்டைத் திரும்பக் கேட்கிறவர்களும் கேட்பதை நிறுத்தலாம். அதற்கு முன்னால் அவர்களுக்குப் புத்தி சொல்ல எவருக்கும் யோக்கியதை இல்லை.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே ஜனங்கள் சொல்லுகிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த ஊர் அது. வெயில் காய்கிற வட ஆற்காட்டு மண்ணில் இப்படி ஓர் ஊர் எப்படி முளைத்தது என்று ராபர்ட்ஸ் பிரபுதான் வந்து சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சேரிகளிலும், தோல் பதனிடும் ஊர்களின் சந்துகளிலும், பர்மாவுக்குப் போய் வந்தவர்களும் போய் வராதவர்களும் இருந்த வீடுகள் உண்டு. அவர்கள் பெயரை எந்தப் பேனரிலும் போடவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், தகரப்பெட்டியில், பாட்டன் அல்லது கொள்ளுப்பாட்டனுடைய டிஸ்சார்ஜ் புஸ்தகமோ, மெடலோ, பட்டாளத்திலிருந்து எழுதின கடிதமோ இருந்தால் கரையானுக்குக் கொடுத்து விடாதீர்கள். அதிலுள்ள பட்டாளத்தின் பெயர், நம்பர், போன இடம், வந்த வருஷம் ஆகியவற்றைப் பார்த்து எழுதி, வீட்டார் சம்மதத்தோடு நமக்கு அனுப்புங்கள். ஜாதிப் பெயரை எழுத வேண்டாம். வந்தவற்றை வாராவாரம் வெளியிடுவோம்.